“இந்தக் கலர் எப்பம்மா போகும்?” – வாசகர் கேள்வி பதில்

தோல், மூக்கு, கண், முடி ஆகியவற்றை வைத்து அழகை அளக்கும் கோல் குழந்தையின் மனதுக்குள் எப்படிப் போகிறது? போனதை எப்படி வெளியே எடுப்பது? இந்த இரண்டையும் சுற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தை வளர்ச்சி, தோல் மருத்துவம், பள்ளி ஆலோசனை ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

என் மகளுக்கு நாலு வயது. குளிக்கும்போது கையைத் தேய்த்துக்கொண்டே, “இந்தக் கலர் எப்பம்மா போகும்?” என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “நீ ரொம்ப அழகுடா செல்லம்” என்று சொல்லிக் கட்டிக்கொண்டேன். நான் செய்தது சரியா?
– ஒரு தாய்

கட்டிக்கொண்டது சரி. ஆனால் அவள் கேட்டது நிறத்தைப் பற்றி, நீங்கள் சொன்னது அழகைப் பற்றி. நிறம் என்ற பேச்சை எடுத்தால் அழகு என்ற பேச்சு வந்து நிற்கும், அம்மா முகமும் மாறிவிடும் என்பதை அவள் அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டிருப்பாள். இது உங்கள் குற்றமில்லை. பெரும்பாலான பெற்றோர் இதையேதான் செய்வார்கள்.

நாலு வயதில் இந்தக் கேள்வியின் ஒரு பாதி வெறும் தகவல் கேள்வி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் பலர், தோலின் நிறத்தைச் சேறு போல, சாயம் போல நினைக்கிறார்கள். கழுவினால் போகும், வளர்ந்தால் மாறும் என்று நம்புகிறார்கள். அது வாழ்நாள் முழுதும் மாறாமல் இருப்பது என்ற புரிதல் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் உறுதிப்படுகிறது. ஆகவே நேராகச் சொல்லுங்கள்: “போகாதுடா. இது அழுக்கு இல்ல. உன் தோலே இந்த நிறம்தான்.” குரல் மட்டும், மழை ஏன் பெய்கிறது என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி இருக்கட்டும்.

மறுபாதி, ‘போகும்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் ஆசை. “போகணும்னு நினைக்கிறியா? ஏன்?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். இந்த வயதில் பதில் மிகக் குறிப்பாக வரும். ஒரு பெயர், ஒரு கார்ட்டூன், விளையாட்டில் தனக்குக் கிடைக்காமல் போன இளவரசி வேடம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த ஒன்று தெரியாமல் நாம் சொல்லும் ஆறுதல் காற்றில் போய்விடும்.

இன்னும் கேட்டால், உடம்பு நூலையே எளிமையாக்கிச் சொல்லலாம். எல்லா மனிதர்களின் தோலிலும் நிறம் செய்கிற செல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை செய்யும் மெலனின் என்ற பொருள் எவ்வளவு, எந்த வகை, எந்த அளவுப் பொட்டலங்களில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். “உன் தோல்ல இருக்கிற குட்டிச் செல்லெல்லாம் நிறைய மெலனின் செய்யுது, அது வெயில்லருந்து உன்னக் காப்பாத்துது” என்பது நாலு வயதுக்குப் போதும்.

குளியலறையில் நம் வாயிலிருந்து வரும் சொற்களையும் கவனியுங்கள். “தேய்ச்சுக் குளிச்சா வெள்ளையாயிடுவ”, “குளிச்சதும் பாரு, என்ன வெள்ளையா இருக்க” என்று நாம் சுத்தத்தையும் வெளுப்பையும் ஒரே கயிற்றில் கட்டுகிறோம். “சுத்தமா ஆயிட்ட, வாசமா இருக்க” என்று மாற்றிக்கொள்ளுங்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் தினமும் நடப்பது.

எங்கள் வீட்டில் நிறம், இனம் பற்றிப் பேசியதே கிடையாது. எல்லோரும் சமம் என்றுதான் வளர்க்கிறோம். அப்படியும் என் ஐந்து வயது மகன், வெளுத்த பையனைத்தான் கதாநாயகனாக வரைகிறான். எங்கிருந்து கற்றான்?
– ஒரு தந்தை

நீங்கள் பேசவில்லை. வீட்டுக்கு வெளியே எல்லாம் பேசிக்கொண்டிருந்தது. அவன் அதைப் படித்துவிட்டான். இந்தப் பக்கங்களில் நாங்கள் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதுதான்: குழந்தை தப்பாகப் படிக்கவில்லை. படக்கதையில், விளம்பரத்தில், பொம்மை அட்டையில் யார் நடுவில் நிற்கிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்பதைச் சரியாகவே படித்திருக்கிறது. திருத்த வேண்டியது அவன் கண்ணையல்ல, அவன் பார்க்கக் கிடைப்பதை.

இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றி அதிகம் காணும் வகை முகங்களையே அதிக நேரம் பார்க்கிறது. இது 2005இல் வெளிவந்த ஆய்வு. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், வெள்ளையரும் கறுப்பரும் கலந்து புழங்கும் சூழலில் வளர்ந்த எத்தியோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் இஸ்ரேலில் சோதிக்கப்பட்டார்கள். அவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. அப்படியானால் இது ரத்தத்தில் வருவது அல்ல, பழக்கத்தில் வருவது. இந்தக் கட்டத்தில் அது அழகுத் தீர்ப்பும் அல்ல, வெறும் பரிச்சயம். பரிச்சயத்தின் மேல் தீர்ப்பு பிறகு ஏறுகிறது.

எப்படி ஏறுகிறது என்பதற்கு இத்தாலியில் நடந்த ஒரு சோதனை நல்ல விளக்கம். 2008இல் வெளியானது. பள்ளி சேராத வயதுக் குழந்தைகளுக்கு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் பேசிக்கொள்ளும் காட்சி காட்டப்பட்டது. வெள்ளையரின் பேச்சு சில காட்சிகளில் அன்பாகவும் சிலவற்றில் சாதாரணமாகவும் இருந்தது. அதேபோல் அவருடைய உடல்மொழி சிலவற்றில் நெருக்கமாக, சிலவற்றில் விலகி. பிறகு அந்தக் கறுப்பரைப் பற்றிக் குழந்தைகளிடம் கேட்டபோது, அவர்களின் பதில் வாய்ச்சொல்லைப் பின்பற்றவில்லை, உடல்மொழியைப் பின்பற்றியது. “எல்லாரும் சமம்” என்று நாம் சொல்வதைக் குழந்தை கேட்கிறது. யார் வந்தால் நாம் எழுந்து நிற்கிறோம், யார் பக்கத்தில் உட்கார யோசிக்கிறோம் என்பதைப் பார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் பார்த்ததைத்தான் நம்புகிறது.

மூன்றாவது வழி, வகைப்படுத்திப் பயன்படுத்துவது. அமெரிக்காவில் ரெபேக்கா பிக்லர் என்ற உளவியலாளர் வகுப்பறைகளில் குழந்தைகளுக்கு இரண்டு நிறச் சட்டைகள் கொடுத்துப் பார்த்தார். ஆசிரியர் அந்த நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. “நீலச் சட்டைகள் வரிசையில் வாருங்கள், மஞ்சள் சட்டைகள் உட்காருங்கள்” என்று நிறத்தை வைத்து வேலை வாங்கிய வகுப்பில், சில வாரங்களில் குழந்தைகள் தங்கள் சட்டைக் கூட்டமே உசத்தி என்று எண்ணத் தொடங்கினார்கள். எந்த நிறம் நல்லது என்று ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரு வித்தியாசத்தைப் பெரியவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால் அது முக்கியமானதாகத்தான் இருக்கும் என்று குழந்தை ஊகிக்கிறது. ஏன் முக்கியம் என்பதை அதுவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. வீட்டில் காக்கும் மௌனத்தின் ஆபத்தும் இதுவே. நீங்கள் விளக்காமல் விட்ட இடத்தில் அவன் தானே ஒரு விளக்கம் எழுதிக்கொள்கிறான்.

செய்யக்கூடியது ஒன்று. ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவன் புத்தகங்களில் இருபதை எடுத்துத் தரையில் பரப்புங்கள். அடர்நிறத்தவர், சுருள்முடிக்காரர், சப்பை மூக்கு, சிறு கண் உள்ளவர் இருக்கிறார்களா? இருந்தால் கதை அவர்களுடையதா, கூட்டத்தில் ஒருவரா? அவர்கள் சிரிக்கிறார்களா, கண்டுபிடிக்கிறார்களா, அல்லது துன்பப்பட மட்டும் வருகிறார்களா? கடைசிக் கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். அடர்நிறக் குழந்தை வரும் புத்தகம் எல்லாமே ‘நிறத்தால் அவமானப்பட்டு, கடைசியில் வெல்லும்’ கதையாக இருந்தால், அந்த நிறம் என்றாலே துயரம் என்ற பாடத்தைத்தான் அலமாரி சொல்லித்தருகிறது. காணாமல் போன நாய்க்குட்டியைத் தேடும் கதையில் சும்மா ஒரு கறுப்புப் பெண் வர வேண்டும். அப்படிப் பத்து புத்தகம் சேருங்கள்.

பேத்தி கறுப்பு பொம்மையைத் தொடமாட்டேன் என்கிறாள். வெள்ளை பொம்மைகளை எல்லாம் எடுத்து ஒளித்துவிடலாமா?
– ஒரு பாட்டி

வேண்டாம். பிடுங்கினால் பொம்மைக்கு மதிப்பு கூடும், கறுப்பு பொம்மை தண்டனையாகிவிடும்.

பொம்மை என்றதும் சொல்லியாக வேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, அமெரிக்காவில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நான்கு பொம்மைகளைக் காட்டினார்கள். இரண்டு பழுப்பு நிறம், இரண்டு வெள்ளை, மற்றபடி அச்சு ஒன்றுதான். “விளையாட எது வேண்டும்?” என்றதற்கு மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளையை எடுத்தார்கள். “பார்க்க மோசமானது எது?” என்றதற்குப் பாதிக்கு மேல் பழுப்பைக் காட்டினார்கள். கடைசிக் கேள்வி, “உன்னைப் போல இருப்பது எது?” சிறிது நேரத்துக்கு முன் மோசம் என்று தள்ளிய பொம்மையையே இப்போது கையில் எடுத்து ‘இது நான்’ என்று சொல்ல வேண்டிய நிலை. சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

இதைப் படித்துப் பதறும் பெற்றோருக்கு ஒன்று. பொம்மையைத் தள்ளுவது வேறு, தன்னையே வெறுப்பது வேறு. அமெரிக்கக் கறுப்பின இளையோரின் தன்மதிப்பை அளந்த பிந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அது வெள்ளை இளையோரைவிடக் குறைவாக இல்லை, சற்று அதிகமாகவே இருந்தது. ஊர் எதை உயர்த்துகிறது என்று தெரிந்த பிறகும், தன் வீடும் தன் மக்களும் தரும் மதிப்பில் குழந்தை நிமிர்ந்து நிற்க முடியும். அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

உங்கள் பேத்திக்கு: கறுப்பு பொம்மை ஒன்று அல்ல, இரண்டு மூன்று வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் அது ‘வித்தியாசமான பொம்மை’. துணி, முடி, முகவெட்டு எல்லாம் மற்றவற்றைப் போலவே நேர்த்தியாக இருக்க வேண்டும். வெள்ளை பொம்மையின் அச்சில் வெறும் சாயம் ஏற்றியதைத் தவிருங்கள். பிறகு நீங்கள் உட்கார்ந்து விளையாடுங்கள், அவளை அழைக்காமல். உங்கள் கதையில் அந்த பொம்மை டாக்டராகட்டும், குறும்பு செய்யட்டும். அவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒருமுறை கேளுங்கள், பதிலைத் திருத்தாமல். முடியைச் சீவ முடியவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ‘உன்னை வரை’ என்றால் முப்பது பேரும் ஒரே வெளிர் ரோஜா பென்சிலை எடுக்கிறார்கள். ‘தோல் கலர்’ என்றே அதற்குப் பெயர். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை

முதலில் பெயர். கிரேயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்ற தன் வண்ணத்துக்கு 1962லேயே ‘பீச்’ என்று பெயர் மாற்றிவிட்டது. 2020இல் தோல் நிறங்களுக்கென்றே 24 வண்ணப் பெட்டி கொண்டுவந்தது. ஆனாலும் வகுப்பறைகளில் அந்தப் பழைய பெயர் போகவில்லை. “தோல் கலர் குடுங்க மிஸ்” என்று ஒரு குழந்தை கேட்டால், “யாரோட தோல் கலர்?” என்று கேளுங்கள். கண்டிப்பது போல் இல்லாமல், உண்மையிலேயே தெரியாதது போல. ஒரு வாரத்தில் குழந்தைகள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்கத் தொடங்குவார்கள்.

அடுத்து, பென்சிலை விட்டுவிட்டு வண்ணக் குழம்புக்கு வாருங்கள். நிறத்தைத் தானே கலக்கும் குழந்தைக்கு, அது எல்லா நிறங்களும் சேர்ந்து பிறப்பது என்று கையே சொல்லிக்கொடுக்கும். போஸ்டர் கலர் போதும். அளவு இப்படி:

மஞ்சள் இரண்டு சிறு கரண்டி, சிவப்பு ஒரு கரண்டி. நன்றாகக் கலந்தால் ஆரஞ்சு. அதில் நீலத்தைத் தூரிகை நுனியால் மட்டும் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தொடலுக்கும் கலக்க வேண்டும். நாலைந்து தொடலில் பழுப்பு வந்துவிடும். அதுதான் அடிப்படைக் குழம்பு. அடர்த்தி வேண்டுமானால் இன்னும் சிறிது நீலமும் சிவப்பும், வெளிர வேண்டுமானால் மஞ்சளும் கடைசியில் சிறிது வெள்ளையும்.

வழக்கமாகக் கெடுவது மூன்று இடங்களில். நீலத்தைக் கரண்டியால் ஊற்றினால் சேற்றுப் பச்சையாகிவிடும், மீட்கச் சிவப்பு சேர்க்க வேண்டும். அடர்த்திக்காகக் கறுப்பைச் சேர்த்தால் அதிலுள்ள மஞ்சளோடு சேர்ந்து பாசிப் பச்சைச் சாயல் அடிக்கும், உயிரில்லாமல் போகும். அடர்நிறக் குழந்தையின் படம் அழகாக வராமல் போவதற்கு இந்தக் கறுப்பு டப்பாவே பெரும்பாலும் காரணம், ஆகவே அந்த நாளில் அதை மேசைக்கே கொண்டுவராதீர்கள். மூன்றாவது, வெள்ளையை முதலிலேயே போட்டால் சுண்ணாம்பு பூசியது போலிருக்கும்.

கலந்ததைக் காகிதத்தில் பூசிப் பார்ப்பதற்கு முன், முன்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தால் அதுதான் நிறம். தோல் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வெள்ளைக் காகிதப் பட்டையில் தடவிக் கைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். கிடைத்த நிறத்துக்கு அவர்களே பெயர் வைக்கட்டும். ஈரமண், பனங்கருப்பட்டி, மரப்பட்டை, தேன் என்று வரும். கலக்கும்போது யாருடையது அடர்த்தி, யாருடையது வெளிர் என்று வரிசைப்படுத்த மட்டும் விடாதீர்கள். முடிந்த படங்களை மாட்டும்போதும் நிற வரிசையில் மாட்டாமல் கலைத்து மாட்டுங்கள். சட்டை நிறச் சோதனையை நினைவில் வைத்துக்கொண்டால் ஏன் என்று புரியும்.

வரும் உறவினர்கள் எல்லாம் மகள் முன்னாலேயே, “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்கிறார்கள். பாராட்டுகிறார்களே, எப்படித் தடுப்பது?
– ஒரு தாய்

அந்த வாக்கியத்தில் விஷம் ‘இருந்தாலும்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்ற பழமொழியிலும் அந்த ‘உம்’தான் வேலை செய்கிறது: காக்கைக்குக்கூட! குழந்தைகள் இலக்கணம் படிக்கும் முன்பே இலக்கணத்தை உணர்கிறவர்கள். கறுப்பு ஒரு குறை, களை அதற்கு நஷ்டஈடு என்று ஐந்து வயதில் தெளிவாகப் புரியும்.

சொன்னவருக்கு அங்கேயே, சிரித்த முகத்தோடு, சிறிய திருத்தம் போதும்: “கறுப்பா இருக்கா, களையாவும் இருக்கா.” இரண்டே மாற்றம். பெரியவரை அவமதித்ததாகாது, மகளும் கேட்டுவிடுவாள். இது முக்கியம். மறுப்பு அவள் காதில் விழ வேண்டும், அப்போதே விழ வேண்டும். அவர் போன பிறகு நீங்கள் தனியாகச் சொல்லும் ஆறுதல் பாதிதான் சேரும், ஏனென்றால் பெரியவர்கள் எதிரே நீங்கள் மௌனமாக இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மீண்டும் மீண்டும் சொல்பவர் என்றால், குழந்தை இல்லாத நேரத்தில் தொலைபேசியில் நேராகப் பேசுங்கள்: “அவ நிறத்தப் பத்தி நல்லதா, கெட்டதா, எதுவும் அவ முன்னாடி சொல்லாதீங்க. அவ என்ன பண்றா, என்ன படிக்கிறான்னு கேளுங்க.” எதைப் பேசக் கூடாது என்பதோடு எதைப் பேசலாம் என்பதையும் கொடுத்தால்தான் இந்த வேண்டுகோள் நிற்கும்.

மூத்தவன் நிறம் அடர்த்தி, இளையவள் வெளுப்பு. எல்லோரும் அவளையே தூக்குகிறார்கள். மூத்தவனை மட்டும் கவனித்தால் போதுமா?
– ஒரு தந்தை

இருவரையும். வெளுத்த குழந்தையும் அதே பாடத்தைத்தான் படிக்கிறது, மேல்படியில் நின்றுகொண்டு. தான் செய்யாத ஒன்றுக்காகக் கிடைக்கும் புகழ் அவளுக்கும் நல்லதல்ல. வெயிலில் போனால் அந்த அன்பு குறையுமோ என்ற பயம் அதன் அடியிலேயே இருக்கிறது. அவளிடம் சொல்லுங்கள்: “மாமா உன் கலரச் சொல்லிக் கொஞ்சினாரு. அண்ணனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?” ஐந்து வயதுக்கு இந்தக் கேள்வி புரியும். வீட்டுக்குள் ‘கருவாயன்’, ‘வெள்ளச்சி’ போன்ற செல்லப் பெயர்களை இருவருக்கும் சேர்த்தே நிறுத்துங்கள்.

பதினாலு வயது மகளின் பையில் முகம் வெளுக்கும் களிம்பு இருந்தது. கடையில் யாரோ கொடுத்தார்களாம். இரண்டு மாதமாகப் போடுகிறாள். முகம் சிவந்து, ரோமம் வளர்கிறது. திட்டுவதா, விடுவதா?
– ஒரு தாய்

இரண்டும் வேண்டாம். அந்தக் குழாயைக் குப்பையில் போடாமல், அப்படியே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். முகச் சிவப்பும் ரோமமும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டுகின்றன. உறையில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும். பழகிய தோலில் திடீரென நிறுத்தினால் முகம் தீயாக எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்தே பலர் மீண்டும் பூசத் தொடங்குகிறார்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

இப்படிப்பட்ட களிம்புகளில் சேர்க்கப்படும் இன்னொன்று, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன். மருத்துவக் கண்காணிப்போடு, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் மருந்து அது. ஆண்டுக்கணக்கில் தானே பூசினால் தோலில் நீலக் கறுப்புத் திட்டு விழும், அது எளிதில் போகாது. வெளுக்கப் பூசியது கறுக்க வைக்கும் கொடுமை இது.

மிக ஆபத்தானது பாதரசம். மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் இதைக் கலக்கிறார்கள். சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். பூசியவரிடமிருந்து துண்டு, தலையணை, காற்று வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்றது. ஆனாலும் கள்ளத்தனமாக வருகின்றன. கலோமெல், மெர்க்குரிக் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற பெயர்களோ, ‘தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கையோ இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளடக்கப் பட்டியலே இல்லாத டப்பா இன்னும் சந்தேகத்துக்குரியது. கை நடுக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், முகவீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் தாமதிக்க வேண்டாம். ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்கலாம்.

இனி மகளிடம். “யார் சொன்னா?” என்று விசாரிக்காதீர்கள். “போட ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நாள், ஒரு சொல், ஒரு புகைப்படம் இருக்கும். பருவுக்கும் கரும்புள்ளிக்கும் மருத்துவம் செய்துகொள்வதில் தவறே இல்லை, அது நோய்க்குச் சிகிச்சை. பிறவி நிறம் நோயல்ல. அந்த எல்லையை மருத்துவர் வாயால் அவள் கேட்பது, நீங்கள் பத்து முறை சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும்.

மகளுக்கு இறுகிய சுருள்முடி. தினமும் சீவும்போது அழுகிறாள், நேராக்கிவிடச் சொல்கிறாள். செய்துவிடலாமா?
– ஒரு தாய்

அழுகைக்குக் காரணம் முடி அல்ல, சீவும் முறை. சுருள்முடியில் தலையின் எண்ணெய் நுனிவரை இறங்காது, அதனால் வறண்டு சிக்கும். உலர்ந்த முடியில் சன்னப் பல் சீப்பை வேரிலிருந்து இழுத்தால் யாருக்கும் உயிர் போகும். நனைத்து, கண்டிஷனர் தடவி, நான்கைந்து பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் விரல், பிறகு அகலப் பல் சீப்பு. நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். வேர்ப்பக்கத்தை மறு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குத் தெரியாது. இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோர முடி உதிர்ந்து, தொடர்ந்தால் வேரே அழியும்.

ரசாயன நேராக்கிகளில் பல, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வலுவான காரம் கொண்டவை. தலைத்தோல் வெந்துபோகும். 2022இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் நேராக்கி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. தொடர்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள், அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. குழந்தையை விலக்கி வைக்க இதுவே போதும். சீவும் நேரம் வலியில்லாமல் ஆன பிறகு, அதே கேள்வியை அவளிடம் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

எனக்கு 12 வயது. உன்னை நீயே நேசி என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ‘நான் அழகு’ என்று சொல்லிப் பார்த்தேன். பொய் சொல்வது போல் இருக்கிறது. குரூப் போட்டோவில் நான் மட்டும் இருட்டாக இருக்கிறேன்.
– ஒரு மாணவி

பொய் போல் இருந்தால் சொல்லாதே. உன் உணர்வு சரி. தன்மேல் மதிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் இப்படிப்பட்ட வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது சிலருக்கு மனநிலையை இன்னும் கீழே இறக்குகிறது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வே சொல்கிறது. மனம் உடனே எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும். ‘அழகு’ என்று முடிவு சொல்லாமல், இருப்பதைச் சொல்லிப் பார்: “என் கண் அம்மா கண் மாதிரி. என் கால் வேகமா ஓடும். என் நிறம் அடர்பழுப்பு.” தீர்ப்பு வேண்டாம். தினமும் இரண்டு நிமிடம் போதும். சில நாட்களில் கண்ணாடி தேர்வு அறையாக இல்லாமல் வெறும் கண்ணாடியாகும். உன்னைப் பிடிக்காத நாட்களும் வரும். அந்த நாளிலும் சாப்பிடு, விளையாடப் போ, முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதே.

போட்டோவுக்கு வருவோம். அது உன் முகத்தின் குறை இல்லை, கேமராவின் கணக்கு. கேமரா, காட்சியின் மொத்த வெளிச்சத்தையும் சராசரி போட்டு நடுச்சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருந்தால், அதை அடக்குவதற்காக முகங்களை இருட்டாக்கும், அடர்நிற முகம் முதலில் மறையும். இன்னொரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ‘ஷர்லி’ அட்டை என்ற மாதிரிப் படத்தைத் தந்தது. அதிலிருந்த வெள்ளைப் பெண்ணின் தோலுக்கு ஏற்றபடிதான் பிரிண்ட் போடும் இடங்களில் நிறத்தைச் சரி செய்தார்கள். பல இனத்தவர் இருக்கும் அட்டை பரவலாக வந்தது 1990களில்தான். 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பின ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் அதிகபட்சத் தவறு 0.8 சதவீதம், அடர்நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. இயந்திரம் யாரைப் பார்த்துப் பழகியதோ அவர்களைத்தான் அதற்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை இப்படிச் செய். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விடாமல் பக்கவாட்டில் வைத்துக்கொள். வெள்ளைச் சுவரை விட்டு மரம், செங்கல், நிறத் துணி முன்னால் நில். கூட்டமாக எடுக்கும்போது வெளிச்சம் வரும் பக்கத்தில் நீ நில். எடுப்பவரிடம், திரையில் உன் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டச் சொல். கேமராவில் ‘பியூட்டி’ என்று ஒன்று இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. அது தோலை வெளுத்து, மூக்கைச் சன்னமாக்கி, கண்ணைப் பெரிதாக்கி யாரோ ஒருத்தியைக் காட்டும். பிறகு கண்ணாடியில் உன்னைப் பார்த்தால் நீ குறைந்துவிட்டது போலத் தோன்றும். ஃபிளாஷ் நேராக அடித்தால் நெற்றி மட்டும் பளிச்சிடும், அதையும் அணைத்துவிடு. காலை எட்டு மணி வெயில் ஜன்னல் வழியாகப் பக்கத்திலிருந்து விழும்போது ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுது.